லேடெக்ஸ் வட்டப்படம்: 45 டிகிரி வீதம் பிரித்தும் நிறங்கள் ஒன்றுபோலத் தெரிகின்றன

கேள்வி (திருப்பூர்)
வணக்கங்க. பின்னலாடை வேலையை நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எட்டுத் துண்டாக, லேடெக்ஸ் என்கிற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் வட்டப்படம் போடுகிறேன். அதில் நிறங்களுக்கான தொகுப்பான எக்ஸ்கலரில் ‘வீல்’ (நிறச் சக்கரம்) கொடுத்து, சிவப்பில் தொடங்கி 45 டிகிரிக்கு ஒரு நிறம் எடுத்தேன். சாயம், காம்பாக்டிங் இரண்டுமே பச்சையாக வருகின்றன. ஜெராக்ஸ் எடுத்தால் நிட்டிங்கும் சாயமும் ஒரே சாம்பல். ரிப்போர்ட் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. இடைவெளியை எப்படிங்க மாற்றுவது?

பதில் (ஈரோடு)
‘வீல்’ இருக்கிற இடத்தில் ‘டிவீல்’ போட்டுப் பாருங்க. ஓவியர்களின் சக்கரம் மாதிரி மஞ்சள் 120-க்கும் நீலம் 240-க்கும் போய்விடும். ஆறு துண்டுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், மெஜந்தா என்று அருமையாக வரும்.

பதில் (கரூர், சாயப்பட்டறை லேப்)
ஆறுக்குச் சரிங்க. எட்டுக்குப் போனால் பச்சையில் இருந்த நெரிசல் ஆரஞ்சுக்கு வந்துவிடும். 45, 90 இரண்டும் பழைய கணக்கில் 22.5, 45 ஆகிவிடுகின்றன.

கோணத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பாருங்க, தங்கச்சி. எக்ஸ்கலர் ஒரு நிறத்தைச் சாம்பலாக்கும்போது சிவப்புக்கு 0.3, பச்சைக்கு 0.59, நீலத்துக்கு 0.11 என்று எடை போடும் (0 என்றால் கருப்பு, 1 என்றால் வெள்ளை). உங்கள் 45-ல் இருக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் 90-ல் இருக்கும் கிளிப்பச்சைக்கும் அந்தக் கணக்கு கிட்டத்தட்ட 0.74-தான். அதனால்தான் ஜெராக்ஸில் ஒட்டிக்கொள்கின்றன. லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணி) பார்க்கிறபோதும் நிறம் வேறு, அடர்த்தி வேறு என்றுதான் பிரித்துப் பார்ப்போம்.

பழைய ‘வீல்’ அப்படியே இருக்கட்டும். 0, 90, 180, 270 நான்கையும் 60 சதவீதம் நிறம், மீதி கருப்பு என்று கலந்துவிடுங்க. கிளிப்பச்சை 0.44-க்கு இறங்கிவிடும், பக்கத்துப் பச்சை 0.62-லேயே நிற்கும். அப்புறம் துண்டுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு ஒன்று கொடுங்க. ஜெராக்ஸ் கடைக்குப் போவதற்கு முன் எக்ஸ்கலரை ‘கிரே’ என்ற விருப்பத்தோடு ஏற்றினால் ஆவணம் முழுக்கச் சாம்பலாக வரும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். படம் வரையும் தொகுப்பான டிக்ஸ் தானே எக்ஸ்கலரை இழுத்துக்கொள்ளும், அதனால் எக்ஸ்கலரை ஏற்றும் வரி டிக்ஸை ஏற்றும் வரிக்கு மேலே இருக்கணும்.

கேள்வி (திருப்பூர்)
ரொம்ப நன்றிங்க அண்ணா, எட்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆனால் நூல், தையல், செக்கிங் மூன்றிலும் கருப்பு எழுத்து படிக்க முடியவில்லை.

பதில் (கரூர், சாயப்பட்டறை லேப்)
அந்த மூன்றுக்கும் எழுத்தை வெள்ளையாக்கி, தடித்த எழுத்தாகப் போடுங்க. மற்றவற்றில் கருப்பே இருக்கட்டும்.