வைஸ்மன்ஸ் ஃபெரி: பாலம் வேண்டுமா, வேண்டாமா?

சாலைப்பித்தன்:
ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடக்கே ஓடும் ஹாக்ஸ்பரி ஆற்றில், 1827-ல் சாலமன் வைஸ்மன் படகு விட்ட ஊரில், ஆற்றைக் கடக்கும் ஃபெரிக்காக (வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு) இன்னும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இலவசம், 24 மணி நேரமும் ஓடுகிறது, சரி. வெள்ளம் வந்தால்? 2021, 2022 வெள்ளங்களில் நிறுத்தினார்கள். மரபு மரபு என்று அக்கரைக்காரர்களை வதைத்தது போதும், பாலம் கட்டுங்கள். சிட்னியிலிருந்து வடக்கே ஹண்டர் பள்ளத்தாக்குக்குப் போட்ட பழைய கிரேட் நார்த் ரோடு ஆளில்லாமல் படுத்ததற்கே இந்தப் படகுத்துறைதான் காரணம்.

கல்தச்சன்:
பழி ஓரிடம், பாவம் ஓரிடம். 1826 முதல் 1836 வரை கைதிகளை வைத்துப் போட்ட ரோடு அது. ஆற்றைத் தாண்டி மணற்பாறை மேட்டில் ஏறினால் மாட்டுக்குத் தண்ணீரும் கிடையாது, புல்லும் கிடையாது. மந்தை ஓட்டியவர்கள் விண்ட்சர் ஊரிலிருந்து புட்டி என்ற ஊர் வழியாகப் போனார்கள். 1831-ல் சோஃபியா ஜேன் நீராவிக் கப்பல் ஹண்டர் ஆற்றுக்கு ஓடத் தொடங்கியதும் சரக்கும் கடல்வழிக்குப் போய்விட்டது. இதில் படகு என்ன செய்தது?

பாலத்தை எங்கே இறக்குவீர்கள்? வடகரையில் இறங்கினால் எதிரே பாறைச்சுவர். நில அளவையாளர் ஃபின்ச் போட்ட ஏற்றம் மிகச் செங்குத்து என்றுதான் 1829-ல் தலைமை அளவையாளர் மிட்செல் பாதையை டிவைன்ஸ் ஹில் என்ற மேட்டுக்கு மாற்றினார். அங்கே வேலையை மேற்பார்த்த பெர்சி சிம்சனின் ஆட்கள் எழுப்பிய தாங்குசுவர், மழைநீர் வெளியேறும் கல்மதகு, வெடிமருந்துக்குத் துளைத்த குழிகளின் தடம் எல்லாம் இன்றும் தெரிகிறது. 2010 முதல் உலக மரபுச் சின்னம். அந்த மலையடிவாரத்தில் பாலத்துக்கு மண் நிரப்ப யார் அனுமதிப்பார்கள்?

வடக்கயிறு:
படகு எப்படி ஓடுகிறது என்று இருவருமே பேசவில்லையே. சுக்கான் வேலையே இல்லை. எஃகு வடங்களை இரு கரையிலும் இறுகக் கட்டியிருக்கும். படகிலுள்ள சக்கரம் வடத்தைப் பிடித்துச் சுழலும்போது படகு நகரும். படகுக்கு அருகில் வடம் தண்ணீருக்கு மேலே வரும், தள்ளிப்போனால் அடியில் தாழும். சிறு படகுக்காரர்கள் ஓடும் ஃபெரியை நெருங்கக் கூடாது என்பது இதனால்தான்.

சக்கரம் பிடிக்கும் இடத்தில் வடத்தின் இழைகள் தேய்ந்து அறும், முள்முள்ளாகத் துருத்தும். வடம் இழுபட்டு நீண்டால் படகு நீரோட்டத்தோடு வில்லாக வளைந்து போய், கரையிலுள்ள சரிவுத்தளத்தில் கோணலாக முட்டும். நீளம் குறைத்து மறுபடி இறுக்க வேண்டும். வெள்ளத்தில் நீர்மட்டத்தைவிட ஆபத்து, மிதந்துவரும் மரம். ஒன்று வடத்தில் சிக்கினால் ஆற்றின் தள்ளுவிசையெல்லாம் கரையில் வடத்தைக் கட்டியிருக்கும் முட்டுக்குப் போகும். வடிந்த உடனே ஓட்டவும் முடியாது. சரிவுத்தளத்தில் படிந்த வண்டலை வழிக்கணும், வடம் முழுவதையும் சோதிக்கணும், அடியில் மரம் கிடக்கிறதா என்று பார்க்கணும்.

சாலைப்பித்தன்:
என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள், ஐயா! பக்கத்து வெப்ஸ் க்ரீக் ஃபெரியும் இதே ஆற்றில், இதே வெள்ளத்தில் நிற்கும். அது எப்படி மாற்றுவழி ஆகும்? மிச்சம் ஸ்பென்சர் வழியாக மங்ரோவ் மவுண்டன் ஏறும் சுற்றுதான்.

கல்தச்சன்:
அந்த ஸ்பென்சர் ரோடும் ஆற்றோரம்தானே ஓடுகிறது? அக்கரையிலுள்ள செயின்ட் ஆல்பன்ஸ் ஊருக்குப் போகும் ரோட்டைப் பக்கத்தில் ஓடும் மெக்டொனால்ட் ஆறே மூழ்கடிக்கும். பாலம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்று யாருக்கு லாபம்? முதலில் அந்த ரோடுகளை உயர்த்தச் சொல்லுங்கள்.

வடக்கயிறு:
ரோட்டை உயர்த்தும்வரை சரிவுத்தளத்தையாவது மேலே நீட்டலாம். நடுத்தர வெள்ளத்தில் வண்டல் படிவது குறையும், சேவை சீக்கிரம் திரும்பும். பெருவெள்ளத்துக்கு அது உதவாது.