லைட் கயிறு ஆடுதா, நான் ஆடுறேனா?

ஒன்பதாம்மாடி கேட்டது:

டோக்கியோ வந்து நாலு மாசம். நிஷிகசாய்ல ஒன்பதாவது மாடி, வாடகை வீடு. எனக்கு ஷின்ஜுகுல வேலை, வீட்டுக்காரருக்கு யோகோஹாமா. மூணு வயசுப் பையன் பக்கத்து ஹோய்குயென் (குழந்தைகள் காப்பகம்) போறான்.

போன வாரம் ராத்திரி ரெண்டரை மணிக்கு எங்க ரெண்டு போனும் ஒண்ணா அலறுச்சு. "ஜிஷின் தெஸ், ஜிஷின் தெஸ்"னு, அதாவது நிலநடுக்கம்னு, ஒரு பொம்பளைக் குரல். என்ன ஏதுன்னு யோசிக்கல, பையனைத் தூக்கிக்கிட்டு கதவைத் திறந்து வராந்தாவுக்கு ஓடிட்டேன். கால்ல செருப்புகூட இல்லை. அங்க ஒரு ஈ காக்கா இல்லை, எதிர்வீட்டுக் கதவுகூடத் திறக்கல. அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வெட்கமா உள்ள வந்தேன். பார்த்தா எங்க வார்டுல ஆட்டத்தோட அளவு வெறும் 3.

அதுலேருந்து தூக்கம் போச்சு. நாற்காலியில உட்கார்ந்தா ஆடுற மாதிரியே இருக்கு. நிஜமா ஆடுதான்னு பார்க்க மேஜைமேல பாதித் தண்ணி ஊத்தின பாட்டில் ஒண்ணு வெச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல ஆடினப்ப பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கையால காபி கப்பைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால டைப் அடிச்சிட்டே இருந்தார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

ஓடணுமா, உள்ளேயே இருக்கணுமா? பகல்ல பெருசா ஒண்ணு வந்து நாங்க மூணு பேரும் மூணு இடத்துல மாட்டிக்கிட்டா பையனை யார் கூட்டிட்டு வருவா? அவர் "பழகிடும்"கிறார். பழகுமா, இல்ல கிளம்பிடலாமா?

பழையகுடை:

நான் வந்தது 2009ல. எனக்கு இன்னும் பழகல, அதனால அந்தப் பேச்சை விட்டுடுங்க.

ஓடினது தப்பு. ஆடும்போது நடந்தா விழுவீங்க, வெறுங்கால்னா கண்ணாடி குத்தும். மேஜைக்கு அடியில போங்க, இல்லன்னா பீரோவும் கண்ணாடியும் இல்லாத மூலையில தலையை மூடிக்கிட்டு உட்காருங்க. கதவு வளைஞ்சு சிக்கிக்காம திறந்து வைக்கிறதெல்லாம் ஆட்டம் அடங்கினப்புறம். கட்டிடத்து மேல நம்பிக்கை வேணும்னா வீட்டுப் பத்திரத்தோட கொடுத்த ஜூயோ ஜிகோ செத்சுமெய்ஷோவை (வீட்டைப் பத்தின முக்கிய விவரங்கள் இருக்கிற தாள்) எடுத்து தேதி பாருங்க. 1981 ஜூன் 1க்கு அப்புறம் அனுமதி வாங்கின கட்டிடம்னா புது விதி. ஷிந்தோ (தரை ஆடுற அளவு) 6 ப்ளஸ் வந்தாலும் உள்ள இருக்கிறவங்க மேல இடிஞ்சு விழக்கூடாதுங்கிறதுதான் அந்த விதி. சுவர்ல விரிசல் வரும், டைல்ஸ் உதிரும், அதுக்கெல்லாம் அது பொறுப்பில்லை.

அடுத்து, நம்பர். ஊர்ல டிவியில "ஜப்பானில் 6.2"னு ஓடும், உடனே வீட்லேருந்து போன் வரும். அது நாம ரிக்டர்னு சொல்ற மேக்னிட்யூட், பூமிக்குள்ள எவ்வளவு சக்தி வெளியாச்சுங்கிற கணக்கு. உங்களுக்கு வேண்டியது ஷிந்தோ, அதாவது நீங்க நிக்கிற தரை எவ்வளவு ஆடுச்சுங்கிறது. 0லேருந்து 7 வரைக்கும் போகும். 5லயும் 6லயும் மைனஸ், ப்ளஸ்னு ரெண்டு ரெண்டு, ஆக மொத்தம் பத்துப் படி. எனக்குன்னு ஒரு வரைமுறை வெச்சிருக்கேன். 2 வந்தா போனைப் பார்ப்பேன், 3 வந்தா எழுந்திருப்பேன், 4 வந்தா அடுப்பை அணைப்பேன். அதுக்கு மேல போனா நான் முடிவெடுக்க ஒண்ணுமில்லை, மேஜைக்கு அடியிலதான். உங்க பக்கத்து சீட்டுக்காரர் தைரியசாலி இல்லம்மா, அது 2ன்னு அவர் உடம்புக்குத் தெரியும், அவ்வளவுதான்.

போன் அலறுறது வேற கணக்கு. முதல்ல வர்ற லேசான அலை வினாடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடும். ஆளைத் தள்ளுற அலை 4 கிலோமீட்டர்தான். முதல் அலையைக் கருவி பிடிச்சதும், ரெண்டாவது வர்றதுக்குள்ள சொல்லிடப் பார்க்கிறாங்க. எங்கேயாவது 5 மைனஸாவது வரும்னு கணிச்சா, 4 வரக்கூடிய ஏரியா வரைக்கும் அலறும். காலுக்கு நேர்கீழே வெடிச்சா ஆடினப்புறம்தான் அலறும். தப்பாவும் போகும். 2018 ஜனவரி 5 காலையில இபராகிலயும் தொயாமாலயும் ஏறக்குறைய ஒரே சமயத்துல ரெண்டு சின்ன நிலநடுக்கம். கம்ப்யூட்டர் அதை ஒரே பெரிய ஒண்ணா எடுத்துக்கிச்சு. எங்க ஆபீஸ் மொத்தமும் மேஜைக்கு அடியில உட்கார்ந்து ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பார்த்துட்டிருந்தோம். ஒண்ணும் வரல.

2011 மார்ச் 11 மத்தியானம் 2:46க்கு நான் ஷின்ஜுகுல இருபத்து ரெண்டாவது மாடியில இருந்தேன். குலுக்கல் இல்லை, ஊஞ்சல். கட்டிடம் பழைய கப்பல் மாதிரி முனகுச்சு. ஜன்னல் வழியா எதிர் டவர் எங்க பக்கம் சாயறதும் நிமிர்றதும் தெரிஞ்சுது. நிமிஷக்கணக்கா ஆடினதுல வாந்தி வந்துடுச்சு. லிஃப்ட் நின்னுபோச்சு, ரயில் இல்லை. உங்க நிஷிகசாய்க்குத்தான் நானும் நடந்தேன், அஞ்சு மணி நேரத்துக்கு மேல. லெதர் ஷூ போட்டு நடந்ததுல ரெண்டு குதிகாலும் உரிஞ்சு சாக்ஸ் ஒட்டிக்கிச்சு. வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டா, ஃபிரிட்ஜ் ஒரு அடி நகர்ந்து நிக்குது. புத்தக ஷெல்ஃப் குப்புற விழுந்து என் தலையணை மேல கிடக்குது. மத்தியானமா வந்ததால தப்பிச்சேன். 1995ல கோபேல அது விடிகாலை 5:46க்கு வந்தது, செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க வீட்டுக்கும் சாமானுக்கும் அடியில நசுங்கினவங்க.

அதனால இன்னிக்கு ராத்திரி செய்ய வேண்டிய வேலை ஒண்ணுதான். படுக்கிற இடத்துல படுத்து மேல பாருங்க, பக்கவாட்டுல பாருங்க. எது விழுந்தா உங்க மூணு பேர் மேல விழுமோ அதை வேற ரூமுக்குத் தள்ளுங்க. முடியலன்னா பீரோவுக்கும் சீலிங்குக்கும் நடுவுல த்சுப்பாரிபோ (நீட்டி முட்டுக் கொடுக்கிற கம்பு) கொடுத்து இறுக்குங்க. ஆணி அடிக்க வேண்டாம், வீட்டு ஓனர் கோவிச்சுக்க மாட்டார். கட்டிலுக்குக் கீழ ஒரு ஜோடி ஷூ. ஆபீஸ் டிராயர்லயும் ஒரு ஜோடி.

பையன் விஷயம். என்னை மாதிரி நடந்து கிளம்பிடாதீங்க. 2013 ஏப்ரல்லேருந்து டோக்கியோவுல ஒரு விதி இருக்கு. ரயில் நின்னா ஊழியர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாம உள்ளேயே வெச்சிருக்கணும், அவங்களுக்கு மூணு நாளைக்குத் தண்ணியும் சாப்பாடும் கம்பெனி சேர்த்து வைக்கணும்னு சொல்லுது. லட்சக்கணக்கான பேர் ரோட்டுல இறங்கினா ஆம்புலன்ஸ் நகராது. அப்ப அன்னிக்கு ராத்திரி நீங்க பையன்கிட்ட போய்ச் சேராமலே போகலாம்னு எடுத்துக்கிட்டே ஏற்பாடு பண்ணுங்க. ஹோய்குயென்ல உங்களைத் தவிர பிள்ளையைக் கூட்டிட்டுப் போகக்கூடியவங்க பேரை எழுதிக் கொடுக்கலாம். நடந்து வரக்கூடிய தூரத்துல இருக்கிற ஒரு அம்மா பேரை எழுதுங்க.

பேச முடியலன்னா 171க்கு அடிச்சு 30 வினாடி குரல் பதிவு வைக்கலாம். யார் நம்பர்ல பதிவு பண்றதுன்னு இப்பவே ஒண்ணை முடிவு பண்ணுங்க. மாசாமாசம் 1, 15 தேதிகள்ல பழகிப் பார்க்க விடுறாங்க.

மூணுநிமிஷம்:

அண்ணன் எல்லாம் சொல்லிட்டார், கேஸை விட்டுட்டார். 2021 அக்டோபர் 7 ராத்திரி நாங்க அதாச்சில இருந்தோம், 5 ப்ளஸ். பாத்திரம் உடைஞ்சதோட போச்சு. ஆனா கேஸ் வரல. லைன் உடைஞ்சிருச்சுன்னு நினைச்சு ரெண்டு நாள் பச்சைத் தண்ணியில குளிச்சோம். மூணாவது நாள் கீழ்வீட்டுப் பாட்டி வந்து வெளியில மீட்டர்ல இருந்த பட்டனை ஒரு அமுக்கு அமுக்கி, கையைக் கட்டிக்கிட்டு மூணு நிமிஷம் நின்னாங்க. வந்துடுச்சு! 5 அளவுக்கு ஆடினா மீட்டர் தானே மூடிக்குமாம். எங்ககிட்ட யாரும் சொல்லல. கேஸ் வாடை அடிச்சா மட்டும் தொடாதீங்க.

அப்புறம் தோழி, ஒன்பதாவது மாடின்னா டாய்லெட்டைப் பத்தி யோசிங்க. பெருசா ஆடினப்புறம் குழாய் சரியா இருக்குன்னு தெரியாம ஃப்ளஷ் பண்ணினா கீழ்வீட்டு சீலிங்ல வழியும். பையும் பவுடரும் சேர்ந்த கன்இ டாய்லெட் பாக்கெட் ஹோம்சென்டர்ல கிடைக்கும். அரிசிக்கு முன்னாடி அதை வாங்குங்க.

குமாமொத்தோவில்_இருந்தவன்:

பழையகுடை சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். 2016 ஏப்ரல் 14 ராத்திரி குமாமொத்தோவில் 6.5. விழுந்ததைக் கூட்டிப் பெருக்கி, "முடிஞ்சுது"ன்னு படுத்தேன். ஏப்ரல் 16 அதிகாலை ஒன்றரை மணிக்கு 7.3. முதல்ல வந்தது முன்னோட்டம்தான். பக்கத்து மஷிகில ரெண்டு தடவையும் ஷிந்தோ 7. ஒரு பெரிய ஆட்டத்துக்கு அப்புறம் ஒரு வாரமாவது ஷூவும் பையும் வாசல்லயே இருக்கட்டும்.

பள்ளிக்கூட ஜிம்ல தங்கியிருந்தப்ப மைக்ல "க்யூசுய்"னு ஏதோ சொன்னாங்க. புரியல. எல்லாரும் கேனோட போறாங்க, நான் படுத்திருந்தேன். தண்ணி லாரி வந்துட்டுப் போயிடுச்சு. க்யூசுய்னா தண்ணி கொடுக்கிறாங்க, தான்சுய்னா தண்ணி கட், தெய்தென்னா கரண்ட் கட், ஹினான்ஜோன்னா தங்குமிடம். நாலு வார்த்தை, ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைங்க.

கிளம்பலாமான்னு கேட்டீங்க. நான் அந்த வருஷமே கிளம்பிட்டேன். ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

ஒன்பதாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. கட்டிடத் தேதி 1994. அதைப் படிச்ச ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினேன். பையனோட கிளாஸ்ல ஒரு நேபாளி அம்மா ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. அவங்க பேரை நான் எழுதினேன், என் பேரை அவங்க எழுதினாங்க. எங்களுக்குள்ள பொதுவா இருக்கிறது அரைகுறை ஜப்பானீஸ்தான், இருந்தாலும் ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்துட்டோம், பிள்ளைங்க முகம் மறக்காம இருக்க. 171ஐ 15ஆம் தேதி பழகினோம். அவர் 30 வினாடியில 20 வினாடி "ஹலோ ஹலோ"ன்னே சொல்லிட்டார்.

கிளம்புறதைப் பத்தி மார்ச்ல பேசலாம்னு இருக்கோம். அவரும் இப்ப "பழகிடும்"னு சொல்றதில்லை.

நேத்து சாயங்காலம் மறுபடி ஆடுச்சு. நான் படுக்கை ரூம் லைட் கயிறைப் பார்த்தேன். நுனி மட்டும் வட்டமடிச்சுது. 2ன்னு வாய்விட்டுச் சொன்னேன், ஆப்லயும் 2. பையன் அந்தக் குரல்லயே "ஜிஷின் தெஸ்"னு சொல்லிட்டு மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துட்டான், வெளியே வர மாட்டேன்னு அடம். பாட்டிலை இன்னும் எடுக்கல.

ஒரு சந்தேகம். டிவிக்கு அடியில ஒட்டுற ஜெல், ஃபிரிட்ஜுக்குத் தாங்குமா?

பழையகுடை:

தாங்காது. ஃபிரிட்ஜுக்கு முதுகுல பெல்ட் போட்டு சுவரோட பிடிக்கணும். உங்களுது வாடகை வீடு, அதனால சுவர்ல ஒட்டுற ரகமா கேட்டு வாங்குங்க. வால்பேப்பர் கையோட உரிஞ்சு வருதான்னு ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு மூலையில தடவிப் பாருங்க. நான் பார்க்கல.