புதுப்பிப்பு: முதியவர்களின் ஆடியோகிராம் தவறும் இடங்கள்

தூய தொனிப் பரிசோதனை (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒருவருக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியை அளந்து, ஆடியோகிராம் என்ற வரைபடமாகப் பதிவது) பற்றிய என் முந்தைய இழையின் தொடர்ச்சி இது. அதில் சொன்ன முறை: 1000 ஹெர்ட்ஸில் தொடங்கி, கேட்டால் 10 டெசிபெல் குறைத்து, கேட்காவிட்டால் 5 கூட்டுவது.

அதில் விடுபட்ட முக்கியமான விஷயம், காதுக் குழாய் மூடிக்கொள்வது. வயதானவர்களுக்குக் குழாயின் வெளிப்பகுதிக் குருத்தெலும்பு தளர்ந்திருக்கும்; காதை அழுத்தும் ஹெட்ஃபோன் அதை அடைத்துவிடலாம். அப்போது காற்றுவழி அளவு (ஹெட்ஃபோன் வழியே கேட்பது), குறிப்பாக உயர் அதிர்வெண்களில், மோசமாகப் பதிவாகும்; எலும்புவழி அளவு (மண்டையெலும்பின் அதிர்வு வழியே கேட்பது) மாறாது. இரண்டுக்கும் நடுவே வரும் இந்த இடைவெளியை நடுக்காதுக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள். முதலில் ஓட்டோஸ்கோப்பால் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) குறும்பி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காது மடலை விரலால் அழுத்தி, குழாய் மூடுகிறதா என்று கவனியுங்கள். மூடினால், செருகும் இயர்ஃபோனில் மறுபடி அளவெடுங்கள். இடைவெளி மறைந்தால் காரணம் ஹெட்ஃபோன்தான்.

காதிரைச்சல் (வெளியே ஒலி இல்லாமலே காதில் கேட்கும் சத்தம்) உள்ளவர்களுக்கு விட்டுவிட்டு ஒலிக்கும் தொனி கொடுங்கள். தொடர் தொனி இரைச்சலோடு கலந்துவிடும். பதில் தாமதமாக வந்தால் அவசரப்படாமல் காத்திருங்கள். தொனிகளுக்கு இடையிலான நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ஊகித்துப் பொத்தானை அழுத்துவார்கள்.

500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் சராசரியை மட்டும் நம்பிச் சொல்லும் முடிவு எனக்குப் போதாது. தாழ் அதிர்வெண்கள் நன்றாக இருந்தால் 4000இன் சரிவு சராசரியில் மங்கிவிடும். “சத்தம் கேட்குது, பேச்சு புரியல” என்பவருக்கு பின்னணி இரைச்சலில் பேச்சு புரிகிறதா என்ற பரிசோதனையும் அவசியம்.

ஒரு காது மட்டும் கணிசமாகக் குறைந்திருந்தால் அதை முதுமை என்று விடாமல் காது மருத்துவரிடம் அனுப்புங்கள். திடீரெனக் குறைந்திருந்தால் அன்றே.