புதுப்பிப்பு: டெர்மினேட்டர் கண்ணில் ஓடும் எழுத்துகள் நிஜ நிரல்தான்

1984-இல் வந்த 'தி டெர்மினேட்டர்' படத்தில், ரோபோவின் சிவப்புப் பார்வையில் ஓடும் எழுத்துகள் நிஜ நிரலா, வெறும் அலங்காரமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"படத்தை நிறுத்தி நிறுத்தி, மூன்றெழுத்துச் சொற்களை மட்டும் தேடுங்கள்" என்று ஒருவர் சொன்ன வழிதான் பலித்தது. எல்டிஏ, எஸ்டிஏ என்று தெளிவாகவே தெரிகிறது. முன்னது ஓர் எண்ணை அக்யுமுலேட்டரில் (சில்லுக்குள் எண்ணைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) ஏற்றும், பின்னது அதை நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும். இரண்டும் 6502 என்ற கணினிச் சில்லின் அசெம்பிளி (சில்லுக்கு நேரடியாக வேலை சொல்லும் மொழி) கட்டளைகள். ஆப்பிள் 2 கணினியில் இருந்ததும் அதே சில்லுதான். வாசகர்கள் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்க 'நிபிள்' பத்திரிகை அச்சிட்ட ஆப்பிள் நிரல்களிலிருந்து எடுத்திருக்கிறார்கள். 2029-இலிருந்து வரும் கொலைகாரனுக்கு 1975-இல் வெளியான சில்லு!

நான் எதிர்பார்க்காதது, நடுவில் கோபோல் வரிகளும் வருவது. வங்கிக் கணக்கு எழுதும் மொழிக்கு அங்கே என்ன வேலையோ.

அந்த நிரல் அமிகா என்ற கணினியுடையதாக இருக்கலாம் என்று பதில்களில் வந்த யூகம் இதற்குப் பொருந்தாது. அது 1985-இல்தான் வந்தது. ஆனால் அந்தப் பதிலால் வேறொன்று கிடைத்தது. 1993-இல் ஒளிபரப்பான 'பாபிலோன் 5' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் முதல் படத்தில் (பைலட்) வரும் விண்கலங்களை அமிகா 2000 கணினிகளில், வீடியோ டோஸ்டர் என்ற காணொளி அட்டையும் லைட்வேவ் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளும் வைத்துத்தான் உருவாக்கினார்கள். அப்புறம்தான் பெண்டியம், ஆல்ஃபா சில்லுகள் கொண்ட கணினிகளுக்கு மாறினார்கள்.