தனுஷ்கோடி ஸ்டேஷனின் பழைய டைம்டேபிள் தேவை, உதவுங்கள்

தனுஷ்கோடி ரயில் நிலையம் பற்றி எங்கே தேடினாலும் போட் மெயிலும் (சென்னையிலிருந்து இலங்கைக் கப்பலுக்கு இணைப்பாக ஓடிய ரயில்) 1964 டிசம்பர் 22 இரவுப் புயலும்தான் வருகின்றன. எனக்கு வேண்டியது அதுவல்ல, பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே தினமும் ஓடிய சாதாரண பாசஞ்சரின் நேரங்கள்.

என் தாத்தா புயலுக்கு முந்தைய சில வருடங்கள் அந்த வண்டியில்தான் கருவாட்டு வியாபாரத்துக்குப் போய் வந்தார். அவர் பெட்டியில் ஒரு கெட்டி அட்டை டிக்கெட் இருந்தது, ஓரத்தில் பஞ்ச் செய்த ஓட்டை, 'பாம்பன்' மட்டும் படிக்க முடிகிறது, தேதி உப்புக்காற்றில் அழிந்துவிட்டது. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று கேட்க இப்போது அவர் இல்லை.

தேடாமல் இல்லை. இரண்டு நூலகங்களில் பார்த்தேன், கிடைத்த கையேடுகளில் எழும்பூரிலிருந்து வரும் மெயிலும் தலைமன்னார் கப்பலும் மட்டுமே. ஒரு ரயில்வே அலுவலகத்துக்கு எழுதினேன், பதிவேடு இல்லை என்றார்கள். பாம்பனில் பெரியவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள். அப்புறம் நேரிலும் போனேன், ஸ்டேஷனில் இடிந்த சுவர்கள்தான் மிச்சம்.

புயலில் அடித்துச் செல்லப்பட்ட 653ஆம் எண் வண்டியும் இந்தத் தடத்துப் பாசஞ்சர்தான் என்பதால் அந்த எண் போட்ட அட்டவணை கிடைத்தாலே எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

1960 முதல் 1964 வரையிலான தெற்கு ரயில்வே டைம்டேபிளில் பாம்பன்–தனுஷ்கோடி பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?