இசட் 4 காருக்கு டயர் மாற்ற வேண்டும்: மதுரைச் சாலைகளுக்கு எந்த வகை பொருந்தும்?

கேள்வி (அண்ணா நகரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2012ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ இசட் 4 எஸ்டிரைவ் 35ஐ கார் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். மூன்று லிட்டர் டர்போ என்ஜின், 306 குதிரைத்திறன், அத்தனையும் பின்சக்கரங்களுக்கே போகிறது. முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18. நான்கும் ரன்ஃபிளாட் டயர்கள், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியவை. ஸ்டெப்னி வைக்க வண்டியில் இடமே கிடையாது.

வார நாட்களில் வண்டி பெரும்பாலும் நிழலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மேலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் கொஞ்ச தூரம், மாதம் ஒருமுறை சிறுமலை அல்லது கொடைக்கானல், இவ்வளவுதான் ஓட்டம். பந்தயத் தடத்திற்குப் போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை அழகர்கோவிலிலிருந்து மனைவியுடன் திரும்பிக்கொண்டிருந்தேன். தூறல் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தொட்ட மாத்திரத்தில் வண்டியின் பின்பகுதி ஒரு முழம் வெளியே வழுக்கிச் சென்றது. மின்னணுக் கட்டுப்பாடு பிடித்து நிறுத்தியதால்தான் நேரானது. எதிரே பேருந்து எதுவும் வராதது எங்கள் நல்ல நேரம். மறுநாள் காலையில் குத்தவைத்து உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். பட்டன், அதாவது டயரின் மேற்பள்ளங்களின் ஆழம், 3 மில்லிமீட்டர் இருந்தது. ஆனால் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினால் ரப்பர் சிறிதும் உள்வாங்கவில்லை. பள்ளங்களின் அடியில் தலைமுடி போல வெடிப்புகள் ஓடியிருந்தன. பக்கவாட்டில் 1916 என்று பொறித்திருந்தது, அதாவது 2016ஆம் ஆண்டின் 19ஆவது வாரத்தில் செய்த டயர்.

நான்கையும் மாற்றிவிட முடிவு செய்துவிட்டேன். கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்தில் ஓட்டும் நண்பர், தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் எண் 200க்குக் கீழே இருக்கும் பந்தயத் தட வகை டயரைப் போட்டால் வண்டி சாலையை விட்டு நகராது என்கிறார். இங்கே இன்னொருவர் பின்னால் 275 மில்லிமீட்டர் அகல டயர் போடச் சொல்கிறார். ரன்ஃபிளாட்டையே தொடர்வதா, சாதாரண டயருக்கு மாறுவதா என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (திருநகரிலிருந்து)

வணக்கம் சகோதரரே. நீங்கள் வழுக்கிய கதையைப் படித்ததுமே எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கேள்விக்கான பதில் அந்தத் தூறலிலேயே இருக்கிறது. பல மாதம் காய்ந்து கிடக்கும் நம் சாலைகளில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும்; முதல் தூறல் அவற்றைக் கழுவிக்கொண்டு போவதில்லை, குழைத்துப் பூசிவிட்டுத்தான் போகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் உங்களைக் காப்பாற்றக்கூடிய டயர் எது என்று தேடுங்கள். காய்ந்த சாலையில் நல்ல நிறுவனங்களின் எந்த டயரும் உங்கள் தேவைக்கு மேலேயே பிடிக்கும்.

தட வகை டயர்களைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வது அவருடைய ஓட்டத்திற்குச் சரி. தடத்தில் இரண்டு சுற்று சுற்றினால் டயர் நன்றாகச் சூடேறிவிடும். அந்தச் சூட்டில்தான் அந்த ரப்பர் கலவை முழுப் பிடிமானத்தையும் கொடுக்கும். மேலூர் சாலையில் நேராகப் போகும் டயர் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. மேலும் அவற்றில் பட்டன் புதிதாக இருக்கும்போதே ஆழம் குறைவு, நீரை வெளியேற்றும் பள்ளங்களும் குறைவு. கார்த்திகை மழையில் ரிங் ரோட்டில் தேங்கிய தண்ணீருக்குள் 80 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும்போது டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர் புகுந்துவிட்டால், பிரேக்கும் ஸ்டியரிங்கும் சொன்ன பேச்சைக் கேட்காது.

275 யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். உங்கள் பின் ரிம் 8.5 அங்குல அகலம். 275/35 ஆர்18 டயருக்குக் குறைந்தது 9 அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் திணித்தால் டயரின் நடுப்பகுதி உப்பி, தோள்பகுதி (பட்டனின் இரு ஓரங்கள்) சாலையை ஒழுங்காகத் தொடாது. அகலம் கூடக்கூட நீரில் மிதக்கும் ஆபத்தும் சீக்கிரம் வரும்; நீங்கள் தேடுவதற்கு நேர் எதிரானது அது.

கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் என்று சொல்லப்படும் வகைதான் உங்களுக்கு உரியது. இவ்வகை ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும் என்று எச்சரிப்பார்கள். கொடைக்கானலின் தை மாதப் பின்னிரவுகளை விட்டால் நம் பக்கம் அந்தக் குளிரே கிடையாது. ஆகவே எல்லாப் பருவத்திற்குமான டயர் என்ற சமரசம் நமக்குத் தேவையில்லை.

பதில் 2 (பைபாஸ் சாலையில் டயர் கடை வைத்திருப்பவர்)

சார், திருநகர் நண்பர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். கடைக்காரனாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மதுரை டயர் செய்கிற ஊர்தான். மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலையைத் தாண்டித்தான் ஒவ்வொரு ஞாயிறும் போகிறீர்கள். ஆனால் அங்கே உருவாவது பெரும்பாலும் இருசக்கர வண்டிகளுக்கானது. உங்கள் அளவுக்குப் பெரும்பாலும் இறக்குமதியைத்தான் நம்ப வேண்டும். 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிய பிறகு, இப்படிப்பட்ட அளவுகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. முன் அளவு கிடைக்கும்போது அதே மாடலில் பின் அளவு கிடைக்காது. அவசரத்தில் முன்னால் ஒரு நிறுவனம், பின்னால் இன்னொரு நிறுவனம் என்று கலந்து போட்டுவிடாதீர்கள். மழையில் முன்பகுதி பிடித்து பின்பகுதி விட்டுவிட்டால் சென்ற ஐப்பசி திரும்ப வரும். ஒரு மாதம் காத்திருந்தாலும் நான்கும் ஒரே மாடலாக வாங்குங்கள்.

வாங்கும்போது ஒவ்வொரு டயரிலும் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். இந்த அளவுகள் மெதுவாகத்தான் விற்கும் என்பதால் கிடங்கிலேயே இரண்டு வருடம் கிடந்த சரக்கும் வரும். சுமை எண் முன்னால் 88, பின்னால் 90க்குக் குறையக் கூடாது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 90 என்றால் 600 கிலோ. வேகக் குறி டபிள்யூ என்றால் மணிக்கு 270, ஒய் என்றால் 300 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நீங்கள் போகப் போவதில்லை. ஆனால் அந்தக் குறி வெப்பத்தைத் தாங்கும் கட்டமைப்புக்கும் சான்று, எனவே சித்திரை வெயிலில் அதைக் குறைத்து வாங்க வேண்டாம். பி.எம்.டபிள்யூ அங்கீகரித்த டயரில் சிறிய நட்சத்திரக் குறி இருக்கும். கிடைத்தால் நல்லது, அதற்காக பழைய சரக்கை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் பழைய டயரின் உள்பக்கத் தோளைக் கையை விட்டுத் தடவிப் பார்த்தீர்களா? போன மாதம் இதே போன்ற ஒரு காரை ஜாக்கியில் தூக்கினோம். வெளியே பட்டன் தெளிவாக இருந்தது, உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பி தெரிந்தது. பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம் வேறு. நிற்கும் வண்டியில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. புது டயர் போடும் அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்து, டோ அளவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை) சரிசெய்யாவிட்டால் போட்ட பணம் ஒரே வருடத்தில் உள்பக்கமாகத் தேய்ந்துபோகும்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி. கையை விட்டுப் பார்த்தேன். பின் டயர்கள் இரண்டிலும் உள்தோள் மொட்டையாகத்தான் இருக்கிறது. நான் பார்த்த 3 மில்லிமீட்டர் வெளிப்பக்கத்துக் கணக்கு. தட வகை டயரும் 275உம் மனத்தை விட்டு அகன்றுவிட்டன. டிரெட்வேர் எண் என்பது உண்மையில் எதைச் சொல்கிறது என்பதையும், ரன்ஃபிளாட் விஷயத்தையும் யாராவது விளக்க முடியுமா?

பதில் 3 (ரப்பர் கலவைப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், நாகமலை புதுக்கோட்டை)

தம்பி, டிரெட்வேர் என்பது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் ஓர் ஒப்பீட்டு எண். 100 என்று வைத்துக்கொண்ட ஓர் அளவுகோல் டயரோடு ஒப்பிட்டு, அமெரிக்க விதிகளின்படி, அந்தந்த நிறுவனமே குறிக்கிறது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட அது நன்றாகப் பயன்படும். வேறு வேறு நிறுவனங்களுக்கிடையே அவ்வளவாக நம்ப முடியாது. உதாரணத்திற்கு, மிச்செலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 டயரில் 180 என்றும், பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரில் 300 என்றும் இருக்கும். முன்னது தடத்தை மனத்தில் வைத்தும், பின்னது சாலையை மனத்தில் வைத்தும் செய்யப்பட்டவை. அதே வரிசையில் ஈரப்பிடிமானத்திற்கு ஏஏ என்பதும், வெப்பத்திற்கு ஏ என்பதும் உயர்ந்த தரம். ஈரப்பிடிமானச் சோதனை நேராகப் போய் நிறுத்துவதை மட்டுமே அளக்கிறது, வளைவில் பிடிப்பதை அளப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சொல்ல எனக்கு ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். சாலையின் ஜல்லி முனைகள் மேல் ரப்பர் நசுங்கி மீளும்போது, கொடுத்த ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. அந்த இழப்பே பிடிமானம். ஆனால் அதே இழப்புதான் எரிபொருள் செலவும் சூடும். வெறும் கரித்தூள் கலந்த காலத்தில் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடியது. சிலிக்கா கலவை வந்த பிறகு, 1992இல் மிச்செலின் அதைக் கார் டயருக்குக் கொண்டுவந்ததிலிருந்து, ஈரத்தில் பிடிமானத்தை விட்டுக்கொடுக்காமல் உருளும்போது ஏற்படும் இழப்பைக் குறைக்க முடிந்தது. உங்கள் பழைய டயரில் நகம் இறங்கவில்லை என்றீர்களே, அது வெயிலும் ஆக்சிஜனும் ஓசோனும் சேர்ந்து ரப்பரை இறுக்கியதன் அடையாளம். நசுங்காத ரப்பர் பிடிக்காது. பட்டன் பாக்கி இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

காற்றழுத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்பம் 5 முதல் 6 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறும். காலை 6 மணிக்கு 26 டிகிரியில் பிடித்த காற்று மதியம் 40 டிகிரியில், வண்டி நகராமலேயே, இரண்டரை பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். மதியம் பெட்ரோல் பங்கில் அளந்து பார்த்து, கூடுதலாக இருக்கிறதென்று இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலையில் குறைவாகிவிடும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைக் காலையில், வண்டியை எடுக்குமுன், சொந்தக் கருவியால் பாருங்கள்.

பதில் 4 (திண்டுக்கல்லிலிருந்து)

ரன்ஃபிளாட் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். ரன்ஃபிளாட்டின் பக்கச் சுவர் தடித்தது. காற்று முழுவதும் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பது பொதுவான கணக்கு. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் பஞ்சரானால் அந்த 80 கிலோமீட்டர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்தத் தடிப்பே வண்டியை உலுக்கி எடுக்கிறது, எடையையும் கூட்டுகிறது. குழியில் விழுந்தால் அடி ரிம்முக்கும் போகிறது.

நம் பக்கத்துப் பஞ்சர் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளால் வருவது. அது மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சர். சாதாரண டயர் போட்டுக்கொண்டு, பின்பெட்டியில் ஒரு சிறிய காற்றடிக்கும் மெஷினும் பிளக் போடும் கருவியும் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பிளக் பட்டன் பகுதியில் மட்டும்தான் போடலாம், தோளிலும் பக்கச் சுவரிலும் கூடாது. பக்கச் சுவர் கிழிந்தால் இழுவை வண்டிதான், அதை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் மனைவியோடு மலைக்குப் போகிறவர்; கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் நின்றால் என்ன செய்வீர்கள் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

17 அங்குல ரிம்மும் ஒரு வழி. 225/45 ஆர்17, 255/40 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் 3 மில்லிமீட்டருக்கு மேல் மாறாது. ஆனால் பக்கச் சுவர் 90இலிருந்து 101, 102 மில்லிமீட்டராக உயரும். குழிக்கும் வேகத்தடைக்கும் அது பெரிய உதவி. முன் பிரேக் கேலிப்பரில் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில்) ரிம் உரசுகிறதா என்று மாட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 17 அங்குல ரிம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தோம். கையால் சுற்றும்போதே அதன் உள்பக்கம் முன் கேலிப்பரில் உரசியது. எனவே 18இலேயே நின்றுவிட்டேன். வீட்டில் பேசினோம். மலைக்கு இனி பகலில் மட்டும் போவது, இருட்டுமுன் இறங்கிவிடுவது என்று முடிவாகி, சாதாரண டயரையே எடுத்தேன்: நான்கும் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பின் அளவுக்காக ஐந்து வாரம் காத்திருந்தேன். தேதி நான்கிலும் ஆறு மாதத்திற்குட்பட்டது. பின்பெட்டியில் காற்று மெஷினும் பிளக் கருவியும் ஏறிவிட்டன.

பழைய டயரைக் கழற்றிக் கீழே போட்டபோது எழுந்த சத்தத்தையும் புது டயர் விழுந்த சத்தத்தையும் கேட்டேன். பழையது மரக்கட்டை போல ஒலித்தது. அலைன்மென்டில் பின்பக்க டோ அளவு வெகுவாக விலகியிருந்தது, சரிசெய்தாகிவிட்டது. புது ரப்பரின் மேற்பூச்சு போகும்வரை முதல் 300 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். சக்கர போல்ட்டுகளை 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டுமாம். ஞாயிறு காலை மேலூர் போய்விட்டு அப்படியே கடைக்கு வருகிறேன்.