மறு: ‘ஹிஸ்டாரிக் கேரக்டரைசேஷன்’ – ஊரியல்பறிதல் என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஓர் ஊர் இன்றைய வடிவுக்கு எப்படி வந்தது என்று படித்து வரைபடமாக்கும் வேலையை ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டாரிக் கேரக்டரைசேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் ‘பாரம்பரிய மதிப்பீடு’, ‘ஊர்த்தோற்றம்’, ‘ஊர்ச்சாயல்’, ‘ஆய்வு’ என்றெல்லாம் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘பாரம்பரிய மதிப்பீடு’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பாரம்பரியம் என்றதும் கோட்டை, அரண்மனை, பழைய மாளிகை என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுவோம். இங்கே ஊர் முழுவதும் கணக்கில் வருகிறது: நேற்று எழுந்த குடியிருப்பு, ஆலை மூடியபின் காலியாகக் கிடக்கும் இடம், சந்து, மதில் எல்லாமே. 1994இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் நிலப்பரப்பை இந்த முறையில் வரையத் தொடங்கியபோதே, சிறப்பான இடங்களை மட்டும் பொறுக்காமல் மொத்த நிலத்தையும் பார்த்தார்கள். எது உசத்தி என்று மதிப்பெண் போடுவதல்ல முதல் வேலை. இந்த இடம் எப்படி இப்படி ஆனது என்று கண்டுகொள்வதுதான். அதனால் ‘மதிப்பீடு’ இங்கே பொருந்தாது.

‘ஊர்த்தோற்றம்’, ‘ஊர்ச்சாயல்’ இரண்டும் கேட்க இனிமை. ஆனால் கண்ணில் படுவதோடு நின்றுவிடுகின்றன. பிரிட்டனில் கட்டட, வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைக் காக்கும் ‘பாதுகாப்புப் பகுதி’களுக்கு வழிசெய்த 1967ஆம் ஆண்டுச் சட்டமே ‘கேரக்டர்’ வேறு, தோற்றம் வேறு என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது.

அந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தது கான்சனின் வேலை. ஜெர்மனியில் பிறந்த இந்தப் புவியியலாளர் வட இங்கிலாந்தின் ஆனிக் நகரைப் பற்றி 1960இல் எழுதியபோது, ஊரின் வரைபடத்தைத் தெரு, மனை, கட்டடம் என்று மூன்றாகப் பிரித்துப் படித்தார். கட்டடம் அடிக்கடி மாறும். மனையின் எல்லை அவ்வளவு சுலபத்தில் மாறாது. தெருவின் போக்கு அதைவிடப் பிடிவாதமானது. அங்குள்ளது போன்ற ஒரு பழைய கடைத்தெருவில் முகப்பெல்லாம் கண்ணாடியாக மாறியிருக்கலாம். ஆனால் கடைக்குக் கடை முகப்பு குறுகி, பின்பக்கம் நீளமாகப் போனால், இடைக்காலத்தில் அளந்துவிட்ட மனைப்பிரிவு இன்னும் அங்கே இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். தோற்றத்தை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். எனவே ‘இயல்பு’ என்கிறேன். ‘பண்பு’ மனிதரின் நற்குணத்தை நினைவூட்டுகிறது, ‘தன்மை’ எதற்கும் ஒட்டும்.

அப்புறம், ‘ஆய்வு’ பற்றி. ஆய்வு என்றால் அதிகாரி வந்தார், பார்த்தார், போனார் என்றுதான் காதில் விழுகிறது. இந்த வேலையோ ஊர்க்காரரும் வல்லுநரும் ஒரே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து நடப்பது. மதில் ஓரிடத்தில் காரணமில்லாமல் வளைந்தால், பழைய எல்லைக்கோடாக இருக்குமோ என்று வல்லுநர் பழைய படத்தைப் புரட்டுவார். பூட்டிக்கிடக்கும் கதவு ஒருகாலத்தில் ஆற்றுக்குப் போகும் பொதுவழி என்பது அங்கே வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டில் குடிமக்களே நிரப்பும்படி தயாரித்த படிவத்தில் கட்டடம், மரம், காட்சியோடு சத்தம், வாசனை எல்லாமும் கேட்கப்படுகின்றன. ஒரு தெருவின் இரவுச் சத்தத்தை அங்கே குடியிருப்பவரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? இரு தரப்புக்கும் பொதுவான வினை ‘அறிதல்’தான்.

ஆக என் பரிந்துரை: ‘ஊரியல்பு’, அந்தப் பணிக்கு ‘ஊரியல்பறிதல்’, அதில் கிடைக்கும் வரைபடத்துக்கு ‘ஊரியல்புப் படம்’. ‘நகர’ வேண்டாம், சிறிதோ பெரிதோ எல்லாமே ஊர்தான். ‘வரலாற்று’ விட்டுப்போயிற்றே என்பவர்களுக்கு: கட்டுரையில் முதன்முதலாக வரும் இடத்தில் ‘வரலாற்று ஊரியல்பு’ என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

> ‘ஊரியல்’ என்ற துறைப்பெயரோடு குழம்பாதா?

தனியாக நின்றால் ஒரு கணம் குழம்பலாம். சொற்றொடருக்குள் வரும்போது ‘பு’ அதைத் தெளிவாக்கிவிடுகிறது: ‘இந்தத் தெருவின் கட்டுமானம் ஊரியல்போடு ஒட்டவில்லை.’ சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தடங்கல் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. ஒரே இயல்புள்ள தெருக்களைச் சேர்த்து வரையும் கூறுக்குப் ‘பகுதி’ என்பதா, ‘வட்டாரம்’ என்பதா? வட்டாரம் பெரிதாகப் படுகிறது. பகுதி மிகப் பொதுவாக இருக்கிறது. நகரமைப்பில் வேலை செய்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அன்புடன்